அவர் உடம்பில் உள்ள கிருமியும் என் உடம்பில் உள்ள கிருமியும் கலந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 36. நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். கணவர் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினார். 2011இல் எய்ட்ஸ் நோயால் இறந்துவிட்டார். அப்போதுதான் எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறேன். ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோட் ரிப்போர்ட்டில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' (கிருமி தென்படவில்லை) என்றுதான் வருகிறது. மகளுக்குத் தொற்று இல்லை, பிளஸ் டூ படிக்கிறாள். இப்போது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான எங்கள் பாசிட்டிவ் சங்கத்தில் எனக்கு ஒருவரைப் பார்த்திருக்கிறார்கள். மலேசியாவில் பல வருஷம் ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஊருக்கு வந்ததும் டி.பி. வந்து, அதில்தான் எச்.ஐ.வி. தெரிந்திருக்கிறது. சேலத்தில் மருந்து ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. நல்ல மனிதராகத் தெரிகிறார். ஆனால் என் தம்பி மகன் போனில் ஒரு வீடியோ காட்டினான். வெளிநாட்டு எச்.ஐ.வி.யும் நம் ஊர் எச்.ஐ.வி.யும் ஒரே உடம்பில் சேர்ந்தால் புது சூப்பர் வைரஸ் உண்டாகும், எந்த மாத்திரையும் கேட்காது என்கிறார்கள். முன்பு ஒரு கவுன்சிலரும், 'ரெண்டு பேருக்கும் இருந்தாலும் ஆணுறை போடணும், இல்லாட்டி கிருமி மாறிடும்' என்று சொன்னது ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் காப்பாற்றிய உடம்பை நானே கெடுத்துக்கொள்வேனா? எங்களுக்குக் குழந்தை பிறக்க வழி உண்டா? இந்த வயதில் இதற்கெல்லாம் ஆசைப்படுவது தப்பா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களை அப்புறம் நிதானமாகப் பார்ப்போம். இரண்டு வகை எச்.ஐ.வி. ஒரே உடம்பில் சேர்ந்தால் கலப்பு வைரஸ் உருவாகலாம் என்பது உண்மை. அப்படி உருவானதற்கு எந்த மாத்திரையும் கேட்காது என்பது பொய். திருமணத்தை நிறுத்த வேண்டியதில்லை. அவருடைய முதல் வைரல் லோட் ரிப்போர்ட் வந்து, அதில் கிருமி அடங்கியிருப்பது தெரியும்வரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம். குழந்தைக்கு வழி உண்டு. ஆசைப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை.

எச்.ஐ.வி. என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லார் உடம்பிலும் இருப்பது ஒரே மாதிரியான கிருமி அல்ல. உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது எச்.ஐ.வி.-1. அதில் 'எம்' என்ற பெருங்குழுதான் உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் குழுவுக்குள் ஏ, பி, சி, டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எல் என்று உட்பிரிவுகள் உண்டு. எல் என்பது 2019இல்தான் உறுதியானது. நடுவில் ஈ, ஐ இரண்டும் இல்லை, கவனித்தீர்களா? ஒரு காலத்தில் அவையும் பட்டியலில் இருந்தன. வைரஸின் மரபுத் தொடரை முழுதாகப் படித்துப் பார்த்தபோது இரண்டும் தனி வகை அல்ல, கலப்பு என்று தெரியவந்து பெயரை எடுத்துவிட்டார்கள். தாய்லாந்தில் 'ஈ' என்று சொல்லப்பட்டது இன்று ஏஇ என்ற கலப்பு வகையாக எண்ணப்படுகிறது.

இந்தியாவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருப்பது சி. உங்கள் கணவர் மூலம் உங்களுக்கு வந்ததும் பெரும்பாலும் சி-யாகத்தான் இருக்கும். மலேசியாவில் நிலைமை வேறு. அங்கே ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்தவர்களிடையே தாய்லாந்து வழி வந்த பி வகையும், உடலுறவு மூலம் தொற்றியவர்களிடையே ஏஇ வகையும் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு கூட்டமும் தனித்தனித் தீவு இல்லையே. அவை சந்தித்த இடத்தில் இரண்டும் கலந்த ஒரு புது வைரஸ் உண்டாகி ஆளிலிருந்து ஆளுக்குப் பரவ ஆரம்பித்தது. கோலாலம்பூரில் அதைக் கண்டுபிடித்து 2006இல் அறிவித்தார்கள். உலகப் பட்டியலில் அதன் எண் 33. அதன் மரபுத் தொடரில் பெரும்பகுதி ஏஇ, இடையில் பி-யின் துண்டுகள்.

உங்களுக்குப் பார்த்திருப்பவரிடம் ஏஇ இருக்கலாம், அந்த 33 இருக்கலாம், நம் ஊர் சி-யே கூட இருக்கலாம். அவர் எந்த நாட்டில் வேலை பார்த்தார் என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஏன் என்று பின்னால் புரியும்.

கலப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஒவ்வொரு எச்.ஐ.வி. துகளுக்குள்ளும் அதன் மரபுச் செய்தி ஒன்றல்ல, இரண்டு பிரதிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஆர்.என்.ஏ. இழை, சுமார் 9,700 எழுத்து நீளம். வைரஸ் நம் வெள்ளை அணுவுக்குள் நுழைந்ததும் செய்யும் முதல் வேலை, இந்த ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ.வாகப் படியெடுப்பது. அதைச் செய்யும் நொதியின் பெயர் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். ஏட்டுச்சுவடி படியெடுப்பவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நூலின் இரண்டு பழைய ஏடுகள் முன்னால் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பாடபேதம் உண்டு. அவர் ஒன்றைப் பார்த்து எழுதிக்கொண்டே வருகிறார், பாதியில் கண் மற்ற ஏட்டுக்குத் தாவுகிறது, கொஞ்ச தூரம் அதைப் பார்த்து எழுதுகிறார், மறுபடி முதல் ஏட்டுக்கே வந்துவிடுகிறார். எழுதி முடித்த புது ஏடு இரண்டின் கலவையாக இருக்கும். இந்த நொதியும் அப்படித்தான், ஒரு முறை படியெடுப்பதற்குள்ளேயே பல தடவை இழை விட்டு இழை தாவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீடியோக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். இந்தத் தாவல் உங்கள் உடம்பில் ஏற்கெனவே நடந்ததுதான். மருந்து ஆரம்பிக்கும் முன்பு, உங்களிடம் இருந்த வைரஸ் ஓயாமல் தனக்குள்ளேயே கலந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு இழைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததால் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இழைகள் இரண்டு வேறு உட்பிரிவுகளாக இருக்கும்போதுதான் ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறது. வைரஸின் மேலுறையைத் தீர்மானிக்கும் பகுதியில் இரண்டு உட்பிரிவுகளுக்கு நடுவே 25 முதல் 35 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கும். அதனால் தாவிய இடத்தை ஆய்வுக்கூடத்தில் துல்லியமாகக் குறிக்க முடிகிறது. புனேயில் புதிதாகத் தொற்று ஏற்பட்ட ஆறு பேரின் வைரஸை முழுதாகப் படித்து 1999இல் வெளியிட்டார்கள். ஐந்து பேரிடம் சி. ஆறாவது ஆளிடம் ஏ-யும் சி-யும் கலந்த வைரஸ், பல இடங்களில் தாவலோடு. ஆக, கலப்பு வைரஸ் நமக்கு மலேசியாவிலிருந்து வந்தாக வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் அது தெரியவந்தே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மணிப்பூரில் பி-யும் சி-யும் கலந்தவை உண்டு. அதற்கு அப்பால் சீனாவின் யுன்னான் பகுதியில், போதை ஊசி பழக்கம் உள்ளவர்களிடையே, தாய்லாந்து வழி பி-யும் இந்திய வழி சி-யும் கலந்து 07, 08 என்ற இரண்டு வகைகள் பிறந்து, ஹெராயின் போன பாதை வழியாகவே சீனாவின் மற்ற மாகாணங்களுக்குப் போயின.

இதுவரை இப்படிப் பரவும் கலப்பு வகைகள் நூற்றுக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. ஒன்றை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டுமானால், ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாத மூன்று பேரிடமாவது அதே கலப்பைக் காட்ட வேண்டும். 2010 முதல் 2015 வரையான காலத்தில் உலகத்தில் எச்.ஐ.வி. இருந்தவர்களில் சுமார் 23 சதவீதம் பேரிடம் இருந்தது ஏதோ ஒரு கலப்பு வைரஸ்தான். இந்த எண்ணை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த லட்சக்கணக்கான பேரில் சிகிச்சைக்கு வந்தவர்கள் நீங்கள் சாப்பிடும் அதே வகை மாத்திரைகளைச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏஜி கலப்பு, தாய்லாந்தில் ஏஇ கலப்பு என்று சில நாடுகளில் முக்கியமான வகையே கலப்புதான். அங்கெல்லாம் மருந்து வேலை செய்கிறது.

அப்படியானால் 'சூப்பர் வைரஸ்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிந்து அதன் மூலம் கியூபா. அங்கே சிலருக்குத் தொற்று ஏற்பட்டு மூன்றே ஆண்டுகளில் எய்ட்ஸ் நிலை வந்துவிடுவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். சாதாரணமாக மருந்தில்லாமலே அதற்கு எட்டு, பத்து ஆண்டு ஆகும். பெல்ஜியம் ஆய்வாளர்களோடு சேர்ந்து தேடியதில், டி, ஏ, ஜி மூன்றும் கலந்த 19 என்ற வகை அவர்களிடம் அதிகமாக இருந்தது. 2015இல் இது வெளியானதும் உலகம் முழுக்கப் பத்திரிகைகள் தலைப்பு போட்டன. அது கவனிக்க வேண்டிய ஆய்வுதான், நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது சொன்னது, சிகிச்சை இல்லாவிட்டால் நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்பதை. மருந்து கேட்காது என்று அது சொல்லவில்லை. பத்திரிகைத் தலைப்பில் 'வேகமான' என்று இருந்தது, கைமாறிக் கைமாறி உங்கள் தம்பி மகன் போனுக்கு வருவதற்குள் 'மாத்திரை கேட்காத' என்று ஆகிவிட்டது. இப்படித்தான் பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது இதுதான்.

இரண்டு வகைகள் கலந்தால் உண்டாவது எல்லாம் வலுவானதாகவும் இருக்காது. துண்டுகள் சரியாகப் பொருந்தாமல் போகும் கலப்புகள் அங்கேயே அழிந்துவிடும். நம் கண்ணில் படுவது தப்பிப் பிழைத்தவை மட்டும். பி-யும் சி-யும் சுலபமாக ஒரே துகளுக்குள் ஜோடி சேர்வதும் இல்லை. இரண்டு இழைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடத்தில் ஆறு எழுத்துகள் உண்டு. பி-யில் அவை ஒரு மாதிரி, சி-யில் இன்னொரு மாதிரி. பொருத்தம் குறைவானால் கலப்பும் குறையும். ஏஇ-யிலும் சி-யிலும் அந்த எழுத்துகள் ஒன்றுதான் என்பதால் உங்கள் விஷயத்தில் இந்தத் தடை இருக்காது. அதனால் இதை நம்பி ஆணுறையை விட முடியாது.

சரி, இனி உங்கள் இருவர் விஷயத்துக்கு வருவோம். கலப்பு நடக்க என்னென்ன நடந்தாக வேண்டும் என்று வரிசையாக யோசித்துப் பாருங்கள். அவர் உடம்பில் வைரஸ் பெருகி, விந்தில் வெளியே வர வேண்டும். அது உங்கள் உடம்பில் நுழைந்து ஒரு வெள்ளை அணுவைப் பிடிக்க வேண்டும். அதே அணுவில் உங்கள் பழைய சி வகையும் விழித்துக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டின் இழைகளும் ஒரே துகளுக்குள் அடைபட வேண்டும். அந்தத் துகள் இன்னொரு அணுவுக்குள் போய், அங்கே அந்த நொதி படியெடுக்க வேண்டும். கலப்பு உண்மையில் நடப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

உங்கள் மாத்திரைப் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று பெயர் இருக்கும். முதல் இரண்டும் தடுப்பது வேறெதையும் அல்ல, அந்தப் படியெடுக்கும் நொதியை. எந்த வேலையின்போது கலப்பு நடக்கிறதோ அந்த வேலையையே அவை நிறுத்துகின்றன. மூன்றாவது, எழுதி முடித்த பிரதி நம் அணுவின் மரபோடு போய் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. ஏ-யா, சி-யா, கலப்பா என்று இவை பார்ப்பதில்லை. அதனால்தான் நம் ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்து) மையங்களில் உட்பிரிவைச் சோதித்து மருந்து கொடுக்கும் வழக்கம் இல்லை. முன்பு வேறு விதமான மருந்து தேவைப்பட்டது எச்.ஐ.வி.-2 உள்ளவர்களுக்கு. நெவிரபின், எஃபாவிரன்ஸ் போன்ற பழைய மருந்துகள் அதற்கு வேலை செய்யாது. முதல் பரிசோதனையிலேயே 1-ஆ 2-ஆ என்று பிரித்துத்தான் சொல்லியிருப்பார்கள், சிகிச்சைப் புத்தகத்தில் எழுதியிருக்கும்.

ஆகவே, அவர் கிருமி எந்த ஊர்க் கிருமி என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அவர் உடம்பில் அது இப்போது பெருகிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பது. இரண்டு பேருமே நாமக்கல்லை விட்டு வெளியே போகாதவர்களாக இருந்து, இரண்டு பேருக்கும் சி-யே இருந்தாலும், மருந்தில்லாவிட்டால் ஒருவரின் கிருமி மற்றவருக்குத் தொற்றலாம். அதை மறுதொற்று என்கிறோம். தெளிவான ஆதாரத்தோடு இது 2002இல் மருத்துவ இதழ்களில் வந்தது. அதில் ஒன்று ஜெனிவாவில் சிகிச்சை பெற்ற ஒருவரைப் பற்றியது. அவருக்கு முதலில் இருந்தது ஏஇ வகை. மருந்தை நிறுத்தி வைத்திருந்த நேரத்தில் பிரேசிலுக்கு விடுமுறை போய் வந்தார். திரும்பியபின் வைரல் லோட் திடீரென்று ஏறியது. பார்த்தால், உள்ளே இருந்தது புதிதாக வந்த பி வகை. 'மருந்தை நிறுத்தி வைத்திருந்த நேரத்தில்' என்பதை இன்னொரு தடவை படியுங்கள். பிறகு கென்யாவின் மொம்பாசாவில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ஆண்டுக்கணக்கில் நடந்த ஆய்வுகளில், மறுதொற்று எதிர்பார்த்ததைவிட அதிகமாக நடப்பது தெரிந்தது. அப்போது அவர்கள் சிகிச்சையில் இல்லை.

உங்களுக்கு அந்தக் கவுன்சிலர் சொன்ன அறிவுரை அந்தக் காலத்தின் ஆய்வுகளிலிருந்து வந்தது. அன்றைக்கு அது சரியான அறிவுரை, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் பெரிய சான்றுகள் வந்தன. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதிகளை வைத்து ஒன்பது நாடுகளில் ஒரு ஆய்வு நடந்தது. சென்னையும் புனேயும் அதில் உண்டு. உடனே மருந்து ஆரம்பித்தவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011இல் அறிவித்தார்கள். ஐரோப்பாவில் நடந்த இரண்டு ஆய்வுகள் 2016, 2019இல் முடிவுகளை வெளியிட்டன. கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியிருந்தவர்களிடமிருந்து, ஆணுறை இல்லாத உறவில்கூட, துணைக்குத் தொற்று ஒன்றுகூடப் போகவில்லை. எச்.ஐ.வி. இல்லாத ஒருவருக்கே போகாத கிருமி, தினமும் கூட்டு மருந்து சாப்பிடும் உங்களுக்கு எப்படி வரும்?

ஒரே ஒரு இடத்தில் நான் உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அது மருந்து எதிர்ப்பு. மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடுபவர் உடம்பில், மருந்துக்கு அடங்காதபடி மாறிய வைரஸ் வளரும். ஒருவரிடம் லாமிவுடினுக்கு அடங்காதது, மற்றவரிடம் எஃபாவிரன்ஸுக்கு அடங்காதது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே உடம்பில் பெருகினால், ஒரே தாவலில் இரண்டு எதிர்ப்பையும் ஒரே வைரஸ் எடுத்துக்கொள்ள முடியும். கலப்பினால் வரும் நிஜமான ஆபத்து என்று நான் நினைப்பது இதைத்தான், உட்பிரிவு வித்தியாசத்தை அல்ல. டோலுடெக்ராவிருக்கு எதிர்ப்பு உண்டாவது கஷ்டம், அது நமக்கு நல்ல பாதுகாப்பு. ஆனாலும் மாத்திரையை விட்டால் எந்தப் பாதுகாப்பும் நிற்காது. இருவரில் ஒருவர் விட்டாலும் மற்றவருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

இதனால்தான் அவருடைய நான்கு மாதம் என்ற விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் வைரல் லோட் பரிசோதனை ஆறு மாதம் முடிந்ததும் எடுப்பார்கள். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவருக்கு டி.பி. வேறு இருந்திருக்கிறது. டி.பி. மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதை ஈடுகட்ட, வழக்கமான கூட்டு மாத்திரையோடு 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் தனி மாத்திரை ஒன்று கொடுத்திருப்பார்கள். டி.பி. மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் அதைத் தொடர வேண்டும். பலர் அந்த இரண்டாவது மாத்திரையை 'சின்ன மாத்திரைதானே' என்று விட்டுவிடுகிறார்கள். ராத்திரி வேலை, சாப்பாட்டு நேரம் மாறுவது என்று காரணங்கள் இருக்கும். நீங்கள் அவரிடம் கேட்கலாம், தயங்க வேண்டாம். பல வருஷம் மாத்திரை சாப்பிட்டவர் நீங்கள். நான்கு மாதமே ஆனவருக்கு உங்களைப்போலச் சொல்லிக்கொடுக்க எந்த டாக்டராலும் முடியாது.

ஆறாம் மாத ரிப்போர்ட் வந்ததும் இரண்டு பேரின் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவருடையதிலும் உங்களுடையதைப் போலவே 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்று வந்திருந்தால், எச்.ஐ.வி. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் என்ற கவலையை விட்டுவிடலாம். ஒரு எண் வந்து, அது 1,000-க்குக் கீழே இருந்தால் மருந்து வேலை செய்கிறது, ஆனால் முழுதாக அடங்க இன்னும் கொஞ்ச காலம் வேண்டும் என்று அர்த்தம். ஆணுறையோடு காத்திருங்கள். 1,000-க்கு மேல் என்றால், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று முதலில் பார்ப்பார்கள், மூன்று மாதத்தில் மறுபடி சோதிப்பார்கள். அதற்காகத் திருமணத் தேதியைத் தள்ளிப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாலி கட்டிக்கொண்டு ஆணுறையோடு வாழ்வதில் எந்தத் தடையும் இல்லை.

திருமணத்துக்கு முன்பு இருவரும் ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். வைரல் லோட் எவ்வளவு அடங்கினாலும் அந்த நோய்களைக் கூட்டு மருந்து தொற்றாமல் தடுத்துவிடும் என்று நம்பக்கூடாது. அவருக்கு டி.பி. இருந்ததால் உங்களுக்கும் மகளுக்கும் இருமல், காய்ச்சல், எடை குறைவு இருக்கிறதா என்று மையத்தில் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு டி.பி. தடுப்பு மாத்திரை ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

அடுத்து குழந்தை. இரண்டு பேரின் கிருமியும் அடங்கிய பிறகு, சாதாரணத் தம்பதிகளைப் போலவே முயற்சி செய்யலாம். கருப்பை கழுவுதல், விந்து சுத்திகரிப்பு என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், உங்களுக்கு அது தேவையில்லை. கர்ப்பம் முழுக்கத் தாயின் வைரல் லோட் அடங்கியே இருந்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 100-க்கு ஒன்றைவிடக் குறைவு. டோலுடெக்ராவிர் கர்ப்பத்தில் ஆபத்து என்று 2018இல் ஒரு அச்சம் எழுந்தது. போட்ஸ்வானாவில் தொடர்ந்து கணக்கெடுத்துப் பார்த்ததில் அந்த அச்சம் விலகியது. கர்ப்பமானால் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தருவார்கள். அவற்றை வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கினால் அது உடம்பில் சரியாக ஏறாது. கூட்டு மாத்திரையைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அவற்றைச் சாப்பிடுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் வயிறாரச் சாப்பிட்ட கையோடு சேர்த்துச் சாப்பிடலாம். பிரசவத்துக்கு முன் 32 முதல் 36 வாரத்துக்குள் வைரல் லோட் ஒன்று எடுப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். 36 வயதில் கர்ப்பம் என்பதால் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கும். எச்.ஐ.வி. இல்லாத பெண்ணுக்கும் இதையேதான் சொல்வேன்.

ஆசைப்படுவது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். இளம் வயதில் சிறு குழந்தையோடு கணவரை இழந்து, அந்தக் குழந்தையை நோயில்லாமல் பிளஸ் டூ வரை கொண்டுவந்திருக்கிறீர்கள். இத்தனை வருஷம் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு துணை வேண்டும் என்று நினைக்க உங்களுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது? மகளிடம் நீங்களே சொல்லுங்கள், வேறு யார் வாயிலாகவும் அவளுக்குப் போக வேண்டாம். தம்பி மகனிடம் இந்தப் பதிலைக் காட்டலாம். உங்கள் தொற்று விவரம் அவனுக்குத் தெரியும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். மற்றபடி உங்களுக்கும் அவருக்கும் இருக்கும் தொற்றை உங்கள் சம்மதமில்லாமல் யாரும் வெளியே சொல்லக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

ரிப்போர்ட்டைக் கேட்பது அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்று தயங்கினால், உங்களுடையதை முதலில் கொடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போய்க் கவுன்சிலர் முன்னால் பேசுவது இன்னும் சுலபம். வீட்டிலிருந்தே யாரிடமாவது விவரம் கேட்க வேண்டுமென்றால் 1097 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. திருமணத்துக்குப் பிறகு அவர் உங்கள் ஊருக்கு வருவதாக இருந்தால், சேலம் மையத்தில் சொல்லி மாற்றல் கடிதம் வாங்கிக்கொண்டு, கையில் ஒரு மாதத்துக்காவது மாத்திரை இருக்கும்போதே நாமக்கல்லுக்கு மாறட்டும். மாத்திரை தீர்ந்த பிறகு மாற்றலுக்கு அலைந்தால் இடையில் நாட்கள் விட்டுப்போகும், அவருக்கு இப்போது அது கூடவே கூடாது. மாறியபின் இருவருக்கும் ஒரே நாளில் மாத்திரை வாங்கும்படி தேதி போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.